இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு இரண்டு உயில்கள்



இந்தக் கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு முதல் வைத்துவிட்டுப் போனவர்கள் ஒரு தம்பதியர். இருவரும் பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. தங்கள் சேமிப்பில் ஒரு பங்கை உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கும், ஒரு பங்கை இந்தக் கல்லூரிக்கும் எழுதிவைத்தார்கள். பொதுமக்களுக்குப் பயன்படும் பொருளில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும், அழைப்பிதழில் தங்கள் பெயர் வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். அவர்கள் எழுதிய உயில்கள் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. மதுரை உரிமையியல் நீதிமன்றங்களில் தொழில் செய்து பழகிய எனக்கு அதன் அருமை தெரியும். அதனால்தான் இன்றைய பொருளாக இதையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிள்ளை இல்லாத தம்பதியரிடம் உயில் பற்றிப் பேச்செடுத்தால், "எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குப் பின் அவள், அவளுக்குப் பின் நான். இதற்கு ஏன் உயில்?" என்பார்கள். பிள்ளைகள் உள்ளவர்களைவிட இவர்களுக்குத்தான் உயில் கட்டாயம் வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. உயில் இல்லாவிட்டால், இவர்கள் சொத்து யாருக்குச் சேரும் என்பதை இவர்கள் விருப்பம் தீர்மானிக்காது. யார் முந்திப் போகிறார், யார் பிந்திப் போகிறார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கும். வாழ்நாள் முழுதும் இருவரும் சேர்ந்து சேர்த்ததை அந்த ஒரு தற்செயலிடம் ஒப்படைப்பது நியாயமில்லை.

கணவர் முந்தினால்

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். பிள்ளை இல்லாத ஓர் ஆண் உயில் எழுதாமல் காலமானால் எல்லாம் மனைவிக்குத்தான் என்று பலரும் நம்புகிறார்கள். அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அப்படி இல்லை. தாயும் மனைவியும் முதல் வகுப்பு வாரிசுகள். இருவருக்கும் சம பங்கு. தந்தை அந்த வகுப்பில் இல்லை.

வயதான தாய்க்குப் பங்கு கிடைப்பதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த அம்மாவும் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய பாதி அவருடைய மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும் போகிறது. நேற்றுவரை தனக்கே சொந்தம் என்று இருந்த வீட்டில் அந்த விதவைக்குக் கொழுந்தன்களும் நாத்தனார்களும் கூட்டு உரிமையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் போதும்.

அப்படி ஒரு வழக்கில் நீதிமன்றம் நியமித்த ஆணையர் வீட்டை அளக்க வந்தபோது நான் உடன் இருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீடு அது. கணவரும் அவரும் மாதச் சம்பளத்தில் கடன் கட்டி எழுப்பியது. பத்திரம் மட்டும் கணவர் பெயரில் இருந்தது. ஆணையரின் உதவியாளர் அடுக்களையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நாடாவைப் பிடித்தார். அந்த அம்மா அடுப்பில் இருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு, நாடாவுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார். அவர் கணவர் கொடியவரல்லர், அசட்டையானவரும் அல்லர். உயில் என்றால் அபசகுனம் என்று தள்ளிப்போட்டவர், அவ்வளவுதான்.

மனைவியின் சொத்து

பெண்ணின் சொத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஆணின் சொத்து எங்கிருந்து வந்தது என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. பிள்ளை இல்லாத பெண்ணின் சொத்தை மட்டும் எந்த வழியில் வந்தது என்று கேட்டுப் பிரிக்கிறது, 15-ஆவது பிரிவு.

தாய் தந்தையரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து, பிள்ளை இல்லாத பெண் காலமானால், அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போகிறது. கணவருக்கு அதில் பங்கு கிடையாது. மனைவிக்குத் தாய்வழி வந்த வீட்டில் இருபது முப்பது ஆண்டுகள் குடியிருந்து, கூரை மாற்றி, கிணறு தூர் வாரி, மாடி எடுத்துக் கட்டிய கணவராகவே இருக்கட்டும். மனைவி போன பிறகு மைத்துனர்கள் வந்து உரிமை கேட்டால் அவரால் மறுக்க முடியாது. கணவர் அல்லது மாமனார் வழி வாரிசாக வந்த சொத்து இதே போலக் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது.

அந்தப் பெண் தானே சம்பாதித்தது? கணவர் இருந்தால் கணவருக்கு. கணவர் முன்பே காலமாகியிருந்தால் கணவரின் வாரிசுகளுக்கு. அவர்களில் ஒருவரும் இல்லாவிட்டால்தான் பெண்ணைப் பெற்ற தாய் தந்தையரின் முறை வருகிறது.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் நாடு பார்த்தது. 1955-இல் மணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்த ஒரு பெண், புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறந்த வீட்டார் படிக்கவைத்தார்கள். வேலைக்குப் போனார், வங்கியிலும் வைப்பு நிதியிலும் பணம் சேர்ந்தது. 1996-இல் உயில் எழுதாமல் காலமானார். பிறந்த வீட்டாரும் உரிமை கோரினார்கள், கணவருடைய சகோதரியின் மகன்களும் உரிமை கோரினார்கள். அனுதாபத்தை மட்டும் வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்று சொல்லி, 2009-இல் உச்ச நீதிமன்றம் கணவர் வழியினருக்கே சொத்தைக் கொடுத்தது. அந்தப் பெண் இரண்டு சாட்சிகளை வைத்து ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால், அந்தப் பணம் அவர் நினைத்தவர்களுக்குப் போயிருக்கும்.

சட்ட ஆணையம் 2008-லேயே தன் 207-ஆவது அறிக்கையில் இந்தப் பிரிவைத் திருத்தச் சொன்னது. 2025 நவம்பரில் இதே பிரிவை எதிர்த்த மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், பெண்கள் அனைவரும், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே கேட்டுக்கொண்ட பிறகும் நாம் ஏன் தள்ளிப்போட வேண்டும்?

இன்னொரு நிலைமையையும் சொல்ல வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் போய்விடுகிறார்கள். யார் முதலில் என்று தெரியவில்லை. மாறாக நிரூபிக்கப்படும்வரை, இளையவர் பிந்திப் போனதாகவே சட்டத்தின் 21-ஆவது பிரிவு கொள்கிறது. நம் குடும்பங்களில் பெரும்பாலும் மனைவிதான் இளையவர். ஆகவே கணவருக்குப் பின் காலமானவராகவே அவரைச் சட்டம் பார்க்கும். அவர் சம்பாதித்த பணம் முழுதும் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். மகளைப் படிக்கவைத்த தாய் தந்தையர் உயிரோடு இருந்தும், அவள் சம்பாத்தியத்தில் ஒரு ரூபாயும் அவர்களுக்கு வராது.

மற்ற சமயத்தாரின் சட்டம் வேறு. பிள்ளை இல்லாத கிறித்தவரின் சொத்தில், உயில் இல்லாவிட்டால், வாழ்க்கைத் துணைக்குப் பாதிதான். உறவினர் இருந்தால் மறுபாதி அவர்களுக்கு. ஒரு காலத்தில் அண்ணன் தம்பி பிள்ளைகள் இருக்கும் கிறித்தவர் அறக்காரியத்துக்குச் சொத்து எழுதவே தனித் தடைகள் இருந்தன. 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. இசுலாமியரில் பிள்ளை இல்லாத மனைவிக்கு நாலில் ஒரு பங்கு, கணவருக்குப் பாதி. வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. எந்தச் சமயத்தாரானாலும் "எல்லாம் அவளுக்குத்தானே" என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் உறுதி இல்லை.

பெற்றவர்களைப் போலவே வளர்த்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தங்கை மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிவந்து, படிக்கவைத்து, கல்யாணமும் செய்துகொடுத்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். சட்டப்படி தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளை வாரிசு ஆகமாட்டாள். ரேஷன் கார்டில் பெயர் இருந்தாலும், பள்ளிச் சான்றிதழில் உங்கள் பெயர் இருந்தாலும், அது தத்து ஆகாது. முறையாகத் தத்தெடுங்கள், இயலாவிட்டால் உயிலில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

என்ன எழுதுவது

ஒரே தாளில் இருவரும் சேர்ந்து எழுதும் கூட்டு உயிலை நான் பரிந்துரைப்பதில்லை. ஒருவர் போன பிறகு மற்றவர் அதை மாற்றலாமா கூடாதா என்பதிலேயே வழக்கு முளைக்கும். கணவர் ஒன்று, மனைவி ஒன்று எனத் தனித்தனியாக எழுதுங்கள். பேசி முடிவெடுப்பது சேர்ந்து இருக்கட்டும்.

பெரும்பாலான உயில்கள் "எனக்குப் பின் என் மனைவிக்கு" என்பதோடு நின்றுவிடுகின்றன. பிள்ளை இல்லாத தம்பதியருக்கு அது பாதி உயில். அவருக்கும் பின் யாருக்கு என்ற இரண்டாவது படியை எழுத வேண்டும். நான் எழுதித் தரும் வாசகம் இப்படி இருக்கும்:

"என் காலத்துக்குப் பின் மேற்படி சொத்து என் மனைவிக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாகச் சேர வேண்டியது. அவர் எனக்கு முன் காலமாகிவிட்டாலும், என்னுடன் ஒரே நிகழ்வில் காலமாகிவிட்டாலும், எனக்குப் பின் 30 நாட்களுக்குள் காலமாகிவிட்டாலும், மேற்படி சொத்தில் ஒரு பாதி என் தங்கை மகளுக்கும், மறு பாதி என் மனைவியின் அண்ணன் மகனுக்கும் சேர வேண்டியது."

மனைவியின் உயிலிலும் இதே ஏற்பாடு இருக்கட்டும். அப்போது யார் முந்தினாலும் பிந்தினாலும் முடிவு ஒன்றுதான்.

மனைவிக்கு ஆயுட்கால அனுபவ உரிமை மட்டும் கொடுத்து, விற்கவும் அடமானம் வைக்கவும் தடை போட்டு, பின்னர் அண்ணன் மகனுக்கு என்று எழுதும் வழக்கமும் உண்டு. நன்றாக யோசித்துச் செய்யுங்கள். எண்பது வயதில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வேண்டும்போது, அந்த அம்மா வீட்டை விற்க முடியாமல் தவிப்பார். நீதிமன்றத்திலும் இது எளிதாக நிற்காது. ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட வரையறுக்கப்பட்ட உரிமை முழு உரிமையாக விரியும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை வைத்து இன்றும் வழக்குகள் நடக்கின்றன. துணையை நம்புகிறீர்கள் என்றால் முழு உரிமையாகவே கொடுங்கள்.

சொத்துப் பட்டியலில் விடுபட்டவை, இனிமேல் வாங்கப்போகிறவை எல்லாம் யாருக்கு என்று ஒரு வரி சேருங்கள். முந்தைய உயில் இருந்தால் அது ரத்து என்று எழுதித் தேதி இடுங்கள். உடன்பிறந்தார் ஒருவருக்கு எதுவும் இல்லை என்றால் காரணத்தைக் கடுஞ்சொல் இல்லாமல் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். காரணம் தெரியாத விலக்கல்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் ஒருவரையும், அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் பெயர் சொல்லி நியமியுங்கள். இது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே வரலாறு இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-இல் அறங்களுக்குச் செல்வத்தை எழுதிவைத்துவிட்டுக் காலமானார். நிறைவேற்ற வேண்டியவர்கள் நிறைவேற்றவில்லை. வழக்குகளும் இழுபறியும் தலைமுறை தாண்டிப் போயின. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியும் அன்றைய உச்ச நீதிமன்றத்தின் தலையீடும் சேர்ந்துதான் 1842-இல் அவர் பெயரில் பள்ளி திறந்தது. எழுதியவரின் மனம் பெரிது; ஆனால் செய்துமுடிக்க நம்பகமான கை இல்லாததால், அந்த அறத்தின் பயனுக்காகச் சென்னை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு காத்திருந்தது. அறத்துக்கு எழுதுகிறவர்கள் நிறுவனத்தின் பதிவுப் பெயரையும், அது இல்லாமல் போனால் அடுத்து எது என்பதையும், முதலைத் தொடாமல் வட்டியில் நடத்த வேண்டுமா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சாட்சியும் பதிவும்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. கட்டாயமானவை எழுதுபவரின் கையெழுத்தும், குறைந்தது இரண்டு சாட்சிகளும். நீங்கள் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துத்தான் என்று நீங்கள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு அவர் உங்கள் கண்முன் கையெழுத்துப் போட வேண்டும்.

சாட்சிக்கூண்டில் கேட்கப்படும் கேள்வி இது: "நீங்கள் கையெழுத்துப் போட்டபோது உயில் எழுதியவர் எங்கே இருந்தார்?" ஒரு சாட்சி சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "டைப் அடிக்கிற இடத்துல கொண்டுவந்து கொடுத்தாங்க, போட்டேன்." அதோடு அந்த உயிலின் கதை முடிந்தது. உண்மையான உயில்தான். எழுதியவரின் விருப்பமும் அதுதான். சாட்சியின் அந்த ஒரு பதிலால் எல்லாம் போயிற்று.

ஆகவே உங்களைவிட இளையவர்களை, சொத்தில் ஆதாயம் இல்லாதவர்களை, ஊரை விட்டுப் போகாதவர்களைச் சாட்சியாக வையுங்கள். பயனடைபவரே முன்னின்று உயில் தயாரித்தால் சந்தேகம் அவர் தலையில் விழும். அதை விலக்கும் சுமையும் அவருடையதே என்று 1959-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. வயது ஏறியிருந்தால் நல்ல மனநிலையில் இருப்பதாக மருத்துவரின் சான்று ஒன்று இணைத்துக்கொள்ளலாம். பதிவு செய்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. ஆள்மாறாட்டம், தாள் மாற்றம் என்ற பேச்சுக்கு இடம் குறையும். உள்ளே இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்றால், உறையில் இட்டு மூடி மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே முழுத் தெளிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

நாமினி பற்றியும் ஒரு வார்த்தை. பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ளவர்தான் நாமினி; அதனாலேயே அவர் சொத்துக்காரர் ஆகிவிடுவதில்லை. பங்குகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதுவே சட்டம் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர்வரை நியமிக்கலாம். துணையை மட்டும் போடாமல், அவருக்கு அடுத்து வருபவரையும் போடுங்கள். உயிலில் ஒருவர், நாமினியில் வேறொருவர் என்று இருக்க விடாதீர்கள்.

உயிரோடு இருக்கும்போது

"பார்த்துக்கொள்கிறேன் சித்தப்பா, இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்கும் உறவு நல்ல உறவாகவே இருக்கலாம். ஆனாலும் குடியிருக்கும் வீட்டைச் செட்டில்மெண்டாக எழுதிக்கொடுத்துவிட்டால், மனம் மாறினால் திரும்பப் பெறுவது பெரும் பாடு. உயில் அப்படியல்ல, கடைசி மூச்சுவரை சொத்து உங்களுடையது. எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எங்கள் இருவரையும் ஆயுள்வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். பத்திரத்தில் நிபந்தனை இல்லாததாலேயே தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

அதே சட்டம் பிள்ளை இல்லாத முதியவர்களை மறக்கவில்லை. அவர்களுடைய சொத்தை இப்போது வைத்திருக்கும், அல்லது பின்னாளில் வாரிசாகப் பெறப்போகும் உறவினரிடம் அவர்கள் பராமரிப்புத்தொகை கேட்கலாம். சொத்து வேண்டும், சோறு போட மாட்டேன் என்று சொல்ல அந்த உறவினருக்குச் சட்டத்தில் இடமில்லை.

இறப்புக்கு முன்னால் வரக்கூடிய நினைவிழப்பையும் எண்ணிப்பாருங்கள். நீங்கள் கொடுத்த பவர் பத்திரம் உங்கள் நினைவு தவறியதும் செல்லாமல் போகும். அதனால் அன்றாடச் செலவுக்கான பணம் இருவரில் யாரும் எடுக்கக்கூடிய கூட்டுக்கணக்கில் இருக்கட்டும். குணமாகாத நிலையில் எந்த அளவு சிகிச்சை வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது; 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் எழுதினால் போதும். உங்களுக்காக மருத்துவரிடம் பேசப் பிள்ளை இல்லாத நிலையில், யார் பேசலாம் என்று அதில் பெயர் குறிப்பிடலாம். கொள்ளி யார் வைப்பது, சடங்கு வேண்டுமா, உடல்தானமா என்பதையும் உறவினரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் உயிலைப் பிரித்துப் பார்ப்பதே காரியம் முடிந்த பிறகுதான்.

பெரியோர்களே, பிள்ளை இல்லாத வீடு வாரிசு இல்லாத வீடு என்று ஊர் சொல்லலாம். ஊருக்காகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு யார் வாரிசு என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் உங்கள் கையிலேயே தந்திருக்கிறது. வளர்த்த பெண்ணோ, இரவில் காய்ச்சல் என்றால் ஓடிவரும் அண்ணன் மகனோ, நீங்கள் படித்த பள்ளியோ, யாரை நினைக்கிறீர்களோ அவர்கள் பெயரை எழுதுங்கள். குறிப்பாகப் பெண்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கணவர் எழுதிவிட்டார் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் நகை, உங்கள் சேமிப்பு, உங்கள் தாய்வீட்டுப் பங்கு ஆகியவற்றுக்கு உங்கள் பெயரில் ஓர் உயில் வேண்டும். இந்த வாரம் இருவரும் உட்கார்ந்து சொத்துப் பட்டியலைப் போடுங்கள். அடுத்த வாரம் சாட்சிகளைக் கூப்பிடுங்கள்.